முகமே இல்லாத கணினி எப்படி ப்ளஃப் செய்கிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "போக்கர் என்றாலே முகத்தில் எதையும் காட்டாமல் பொய் சொல்வதுதானே, முகமே இல்லாத கணினி எப்படி மனிதர்களை ஜெயித்தது?" 2017 ஜனவரியில் நடந்ததைத்தான் கேட்கிறார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான லிப்ரட்டஸ் என்ற நிரல், தொழில்முறை ஆட்டக்காரர்கள் நான்கு பேரோடு 20 நாளில் 1,20,000 ஆட்டம் ஆடி நால்வரையும் தோற்கடித்தது. கையில் ஒன்றுமே இல்லாதபோதும் அது கூசாமல் பெரிய பந்தயம் கட்டியது, அதுதான் ப்ளஃப்.

விதிகளை விலாவாரியாகச் சொல்லப் போவதில்லை. நடுவில் சேரும் பணம் பாட். ஒருவர் பந்தயம் கட்டினால் அடுத்தவர் அதே அளவு போட்டுச் சீட்டைக் காட்டச் சொல்லலாம், அது கால். சீட்டைப் போட்டுவிட்டு விலகினால் ஃபோல்டு. இவ்வளவு போதும்.

சரி, கடைசிச் சுற்று. நடுவில் பாட் 100 சிப்ஸ் (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லைகள்), நான் இன்னொரு 100 கட்டுகிறேன். என்னிடம் இருப்பது நிச்சயம் ஜெயிக்கும் சீட்டு, இல்லையென்றால் வெறும் குப்பை. உங்களுடையது சுமார், என் குப்பையை மட்டும் ஜெயிக்கும். நான் ப்ளஃபே செய்யாத யோக்கியன் என்று உங்களுக்குத் தெரிந்தால், நான் கட்டியதுமே ஃபோல்டு செய்துவிடுவீர்கள், என் நல்ல சீட்டுக்குக் கூடுதலாக ஒரு சிப் கூடக் கிடைக்காது. எப்போது பார்த்தாலும் ப்ளஃப் செய்கிறவன் என்றால் ஒவ்வொரு தடவையும் கால் செய்து என்னை மொட்டையடித்துவிடுவீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. நான் கட்டும் மூன்று பந்தயத்தில் ஒன்று மட்டும் ப்ளஃபாக இருக்கட்டும். நீங்கள் மூன்றையும் கால் செய்தால் இரண்டு தடவை 100 போகும், ஒரு தடவை 200 வரும் (பாட் 100, என் பந்தயம் 100). கூட்டிக் கழித்தால் பூஜ்யம். ஃபோல்டு செய்தாலும் பூஜ்யம். உங்களுக்கு எல்லாம் ஒன்றுதான்! எனக்கோ, நீங்கள் என்ன செய்தாலும் மூன்று ஆட்டத்துக்குச் சராசரியாக 300 வந்துவிடுகிறது. யோக்கியனாக இருந்திருந்தால் 200தான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, இந்த விகிதத்தை உங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பதுதான். எழுதிக் கையெழுத்துப் போட்டே கொடுக்கலாம். மூன்றில் ஒன்று பொய் என்று தெரியும், எது என்று தெரியாது, என்ன செய்வீர்கள்? பந்தயம் பாட் தொகையில் பாதி என்றால் நான்கில் ஒன்று ப்ளஃப், பந்தயம் பெரிதாகப் பெரிதாகப் பொய்யின் பங்கும் கூடும். 1928லேயே ஆட்டக் கோட்பாடு என்ற இந்தக் கணிதத்துக்கு அடித்தளம் போட்ட கணித மேதை ஜான் வான் நியூமன் தன் போக்கர் மாதிரியில் இன்னொன்றும் காட்டினார்: ப்ளஃபுக்கு ஏற்றது இருப்பதிலேயே மட்டமான சீட்டு. நடுத்தரச் சீட்டு பந்தயம் கட்டாமலே சில சமயம் ஜெயித்துவிடும், அதை எதற்கு வீணாக்க வேண்டும்?

எது பொய் என்பது மட்டும் உண்மையிலேயே தற்செயலாக இருக்க வேண்டும். அங்கேதான் மனிதர்கள் சொதப்புகிறோம், ஒரு தடவை மாட்டிக்கொண்டால் அடுத்த பொய்க்குத் தைரியம் வராது. சில ஆட்டக்காரர்கள் கைக்கடிகாரத்தின் நொடி முள் எங்கே இருக்கிறது என்று பார்த்து முடிவெடுப்பது இதனால்தான். நிரலுக்கு அந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. சீட்டாட்ட ஆராய்ச்சிக்குப் போய் பணமா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: எதிராளி ஊகிக்க முடியாதபடி கலைத்துப் போடும் இதே ஆட்டக் கோட்பாட்டை வைத்துத்தான் லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் 2007 முதல் சோதனைச் சாவடிகளின் நேரத்தை மாற்றி மாற்றி அமைத்தார்கள். எந்த ஆராய்ச்சி எங்கே போய் உதவும் என்று முதலிலேயே எழுதிக் கேட்கிற விண்ணப்பப் படிவங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

அப்போ முகத்தைப் படிப்பது? 2013இல் ஒரு ஆய்வு வெளியானது. 2009 உலகப் போக்கர் தொடரின் வீடியோக்களைக் காட்டி, ஆட்டக்காரரின் சீட்டு எவ்வளவு நல்லது என்று ஊகிக்கச் சொன்னார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்கள் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட மோசமாகச் சொன்னார்கள். சிப்ஸைத் தள்ளும் கையை மட்டும் பார்த்தவர்கள் குருட்டாம்போக்கைவிட நன்றாகச் சொன்னார்கள். முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோடுகிறேன் என்று காசு வாங்குகிறவர்களிடம் இதைக் காட்ட வேண்டும்.

சரியாகப் படித்தாலும் அது போதாது. அதே உலகப் போக்கர் தொடரின் 2003 இறுதிப் போட்டியில் கிறிஸ் மணிமேக்கர் கையில் ஜோடி கூடச் சேராமல் எல்லா சிப்ஸையும் தள்ளினார். எதிரே சாம் ஃபர்ஹாவிடம் இரண்டு ஒன்பது சேர்ந்த ஒரு ஜோடி. எதிர்பார்த்த ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) உனக்கு வரவில்லைதானே என்று வாய்விட்டே கேட்டார் ஃபர்ஹா. சரியான ஊகம். ஆனாலும் ஃபோல்டு செய்தார். 25 லட்சம் டாலர் பரிசு மணிமேக்கருக்குப் போனது.

டோர்னமென்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. இன்னும் ஓரிரு பேர் வெளியேறினால் பரிசு நிச்சயம் என்ற இடத்தில் நிற்கிறவர் கால் செய்து தோற்றால் வெறுங்கையோடு வெளியே போவார், ஜெயித்து சிப்ஸ் இரட்டிப்பானாலும் பரிசு இரட்டிப்பாகாது. மூன்றில் ஒரு வாய்ப்பு இருந்தால் கால் செய்யலாம் என்ற கணக்கு அங்கே உடைகிறது, சில நேரம் பாதிக்கு மேல் வாய்ப்பு வேண்டியிருக்கும். அதனால் சிப்ஸ் குவித்து வைத்திருப்பவர் மூன்றில் ஒன்றைத் தாண்டியும் தாராளமாகப் பொய் சொல்லலாம். லிப்ரட்டஸுக்கு இதற்கு வாய்ப்பே அமையவில்லை, அந்தப் போட்டியில் ஒவ்வொரு ஆட்டத்தையும் இரு தரப்பும் 20,000 சிப்ஸோடு புதிதாகத் தொடங்கினார்கள்.