ஆச்சி கேட்ட கணக்கு

பொங்கலுக்குப் பள்ளத்தூர் போயிருந்தபோது முகப்பில் உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருவர் பிடித்துக்கொண்டார். "பேத்தி குவாண்டம்னு என்னமோ படிக்கப் போறேங்குறா. நீயும் அதுதானே தம்பி? எத்தனை வருசத்துல நிலையா ஒரு எடத்துல உக்காருவா?"

அதேதான். ஏராளமான துகள்கள் ஒன்றையொன்று பாதிக்கும்போது என்ன நடக்கும் என்று காகிதத்திலும் கணினியிலும் பார்க்கும் வேலை. வெறும் 30 ஸ்பின்களின் (மேல், கீழ் என இரண்டே நிலை உள்ள குட்டிக் காந்தங்கள் மாதிரி) நிலையை முழுதாக எழுதவே 107 கோடி எண்கள், 16 ஜிபி நினைவகம் வேண்டும். 40 ஸ்பின் என்றால் அதுபோல ஆயிரம் மடங்குக்கு மேல். நேராகப் போக முடியாததால் சுற்றுவழி தேடுவதே எங்கள் பிழைப்பு.

ஆச்சிக்கு வருசக் கணக்கைச் சொன்னேன். பிஎச்டிக்கு ஐந்தாறு வருசம். ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருசம் கழித்து 42,000. கடன் வாங்க வேண்டியதில்லை. அப்புறம் போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்குப் பிறகான தற்காலிக ஆய்வு வேலை, பெரும்பாலும் வெளிநாட்டில், இரண்டு மூன்று வருச ஒப்பந்தமாக ஒன்றோ இரண்டோ மூன்றோ.

"அப்ப நம்ம ஆளுக பர்மாவுக்குக் கொண்டுவிக்க, வட்டித்தொழிலுக்குப் போனாகளே, அது மாதிரி" என்றார் ஆச்சி. "பெட்டியடிப் பையன், அப்புறம் அடுத்தாள், அப்புறம் மேலாள்னு படிப்படியா."

பொருத்தம்தான். ஒரு வித்தியாசம்: அங்கே அடுத்த கணக்குக்கு, அதாவது அடுத்த தவணைக்கு, ஆளை அனுப்புவது முதலாளி பொறுப்பு. இங்கே அடுத்த இடத்தை நாமே தேட வேண்டும். விண்ணப்பக் காலம் செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை, சேர்வது அடுத்த வருசம். அக்டோபரில் இரண்டு வருச வேலையில் சேர்ந்தால், அடுத்த அக்டோபரிலேயே மறுபடி விண்ணப்பம். கையில் இருப்பது ஒரு வருசம். அதற்குள் ஒரு ஆய்வுக் கட்டுரையாவது வர வேண்டும். பிஎச்டியில் சேரும் பிள்ளைகளிடம் இதை யாரும் சொல்வதில்லை.

இன்னொன்று, பரிந்துரைக் கடிதங்கள். பொதுவாக மூன்று கேட்பார்கள். என் வழிகாட்டி ஒன்று, என்னோடு சேர்ந்து கட்டுரை எழுதியவர் ஒன்று. மூன்றாவதுக்கு ஆளே இல்லை. ஐந்து வருசமும் அறையை விட்டு வெளியே வராதது என் தப்பு. கருத்தரங்கில் பேசுங்கள், பக்கத்துக் குழுவோடு ஒரு கணக்காவது சேர்ந்து போடுங்கள்.

காரைக்குடியில் எம்எஸ்சி படிப்பதால் பின்தங்கிவிட்டோம் என்ற பயம் வேண்டாம். கோட்பாட்டு ஆய்வுக்கு ஆய்வகம் தேவையில்லை. 1991இல் தொடங்கிய ஆர்க்கைவ் தளத்தில் கட்டுரைகள் இலவசம். சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே பிஎச்டியில் நுழைய ஜெஸ்ட் என்ற நுழைவுத் தேர்வு எழுதலாம். "பணம் கட்டுங்கள், கட்டுரை போட்டுத் தருகிறோம்" என்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஆனால் பிஎச்டி முடிக்கும் எல்லாரும் பேராசிரியர் ஆவதில்லை. அதனால் வழிகாட்டியின் புகழை விட, அவரிடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிப்பது முக்கியம்.

பேத்தி அதைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேராசிரியர்களின் பழைய மாணவர்களுக்கு மெயில் போட்டிருக்கிறாள். இருவர் பதில் எழுதினார்களாம். நீளமாக, மனம்விட்டு எழுதியவர் இப்போது பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறார்.