சுண்ணாம்பு கண்ணில் பட்டால் தண்ணீர் ஊற்றலாமா?

மார்கழிக் கடைசியில் டெல்டா கிராமங்களில் பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்ததும், கும்பகோணத்தில் நான் பார்க்கும் கண் சிகிச்சைப் பிரிவுக்குச் சுண்ணாம்புக் காயத்தோடு ஆட்கள் வருவார்கள். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றி நீற்றும்போது அண்டாவிலிருந்து தெறித்தது ஒரு வகை. வெற்றிலைக்கு வாங்கிய பாக்கெட் சுண்ணாம்பைக் குழந்தை பிதுக்கி, கண்ணில் பீய்ச்சிக்கொண்டது இன்னொரு வகை. அது வருஷம் முழுக்க வரும்.

வலங்கைமான் பக்கத்துப் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தபோது, தெறித்து ஒரு மணி நேரம் தாண்டியிருந்தது. கண்ணைக் கழுவவே இல்லை. "சுண்ணாம்புல தண்ணி பட்டா கொதிக்குமே டாக்டர், அதான் ஊத்தல. அவன் அப்பாயி நல்லெண்ணெய் விட்டாங்க" என்றார் அம்மா.

அவர் பயந்தது அண்டாவுக்குச் சரி, கண்ணுக்குச் சரியில்லை. ஏன் என்பது அந்தப் பையனின் பாடத்திலேயே இருக்கிறது.

சுட்ட சுண்ணாம்பு என்பது கால்சியம் ஆக்சைடு. சோடியம், பொட்டாசியம், கால்சியம் போன்ற உலோகங்களின் ஆக்சைடு தண்ணீரோடு சேர்ந்தால் அந்த உலோகத்தின் ஹைட்ராக்சைடு வரும், அதாவது அரிக்கும் காரம் (alkali). கால்சியத்தின் இணைதிறன் 2, அதனால் ஒரு கால்சியத்துக்கு இரண்டு ஹைட்ராக்சைடு. ஒரு மூலக்கூறு ஆக்சைடு, ஒரு மூலக்கூறு தண்ணீர்: எண்ணிப் பார்த்தால் இரு பக்கமும் கால்சியம் 1, ஆக்சிஜன் 2, ஹைட்ரஜன் 2. வேறெதுவும் சேர்க்காமலே சமன்பாடு சரியாகிவிடுகிறது. சோடியம் ஆக்சைடு என்றால் சோடியம் இரண்டு இருப்பதால் சோடியம் ஹைட்ராக்சைடுக்கு முன்னால் 2 போட வேண்டும். இரும்புத் துரு தண்ணீரோடு இப்படி வினைபுரியாது. பட்டறைக்காரர் கண்ணில் துரு விழுந்தால் உறுத்தும், கீறும், கறை படியும். ஆனால் காரமாகி வேகவைக்காது.

எடைக்கணக்கில் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பும் 18 கிராம் தண்ணீரும் 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பாகும். அப்போது வெளிவரும் வெப்பம் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அண்டா கொதிப்பது இதனால்தான். கண்ணில் விழுவதோ சிறு துகள். கண்ணீரிலேயே அது நீற ஆரம்பித்துவிடும். நாம் நிறையத் தண்ணீர் ஊற்றினால் அந்தச் சூட்டையும் காரத்தையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகும். பாக்கெட்டில் இருப்பது ஏற்கெனவே நீற்றியது. எவ்வளவு ஊற்றினாலும் சூடாகாது.

உண்மையான கேடு அந்த ஹைட்ராக்சைடு. திசுவிலுள்ள கொழுப்பைச் சோப்பாக்கி உள்ளே இறங்கும், கருவிழியை வெளுக்க வைக்கும். அது தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, லிட்டருக்கு 2 கிராம்கூட இல்லை. அதனால் மேல் இமைக்கு அடியில் ஒட்டிய துகள் மெதுவாகக் கரைந்து காரத்தை விட்டுக்கொண்டே இருக்கும்.

ஆகவே உடனே, அந்த இடத்திலேயே, சுத்தமான குழாய்த் தண்ணீரையோ குடத்துத் தண்ணீரையோ கண்ணைத் திறந்துவைத்துக் குறைந்தது அரை மணி நேரம் ஊற்றுங்கள். இமையை விலக்கிப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். வெளியே தெரியும் துகளைச் சுத்தமான ஈரத்துணி நுனியால் எடுக்கலாம். எண்ணெய், தாய்ப்பால், எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டாம். அப்புறம் மருத்துவமனைக்கு வாருங்கள். வண்டி வருவதற்காகக் கழுவுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அந்தப் பையனின் இமையைப் புரட்டித் துகள்களை எடுத்தோம். கழுவிவிட்டு, கண்ணீரில் சிவப்பு லிட்மஸ் தாளை வைத்தேன். நீலமானது, அதாவது காரம் இன்னும் இருக்கிறது. மறுபடி கழுவினோம். மூன்றாவது தடவைதான் தாள் நிறம் மாறாமல் இருந்தது.