மாநிலப் படைக் கூட்டாண்மை: சொல் விளக்கம்

அமெரிக்க ராணுவச் செய்திகளில் 'ஸ்டேட் பார்ட்னர்ஷிப் புரோகிராம்' என்ற பெயர் அடிக்கடி அடிபடும். ஒரு மாநிலத்தின் நேஷனல் கார்டு (National Guard) என்ற பகுதிநேரப் படையை ஒரு வெளிநாட்டு ராணுவத்தோடு நீண்டகாலத்துக்குச் சேர்த்துவைக்கும் ஏற்பாடு இது. இங்கே ஸ்டேட் என்பது அரசு அல்ல, மாநிலம். 'அரசுக் கூட்டாண்மை' என்று எழுதினால் பொருளே கெட்டுவிடும்.

நேஷனல் கார்டு என்ற பெயர் பிரான்சிலிருந்து வந்தது. 1789-இல் பாரிஸில் அந்தப் பெயர்கொண்ட படைக்குத் தலைமை தாங்கியவர், அமெரிக்க விடுதலைப் போரிலும் போரிட்ட பிரெஞ்சுத் தளபதி லஃபாயத். அவர் 1824-இல் நியூயார்க் வந்தபோது, அவரைச் சிறப்பிக்க உள்ளூர்ப் படைப்பிரிவு ஒன்று அதே பெயரைச் சூட்டிக்கொண்டது. 1916-ஆம் ஆண்டுச் சட்டம் அதை எல்லா மாநிலங்களுக்கும் உரியதாக்கியது. இதில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர், மெக்கானிக், தீயணைப்பு வீரர் என்று வேறு வேலை பார்ப்பவர்கள். மாதத்தில் ஒரு வார இறுதி, ஆண்டில் இரண்டு வாரம் பயிற்சி. சாதாரண நாட்களில் மாநில ஆளுநரின் கட்டளைக்கு உட்பட்டவர்கள்.

தமிழில் இதைத் 'தேசியப் பாதுகாப்புப் படை' என்று எழுதுகிறார்கள். அது இந்தியாவின் என்.எஸ்.ஜி. கமாண்டோ படையின் பெயர், குழப்பம் வரும். தேசியக் காவற்படை என்பதே தெளிவு. ரிசர்வ் படைக்குச் சேமப்படை என்ற சொல் இருக்கிறது. இலங்கையில் வழங்கும் தொண்டர் படை, பகுதிநேர வீரர்களுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும்.

சரி, பார்ட்னர்? கூட்டு வாரிசைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. அடியில் இருப்பது பங்கிடுதல் என்ற லத்தீன் பொருள். அப்படிப் பார்த்தால் நேர்ச்சொல் பங்காளிதான். ஆனால் நம் ஊரில் பங்காளி என்றதும் வரப்புத் தகராறும் பாகப்பிரிவினை வழக்கும்தான் நினைவுக்கு வரும். திருக்குறளின் படைமாட்சிக்கு உரை எழுதிய பரிமேலழகர் ஆறு வகைப் படைகளில் துணைப்படையையும் சேர்த்திருக்கிறார். அழகான சொல், ஆனால் இன்று அதைக் கேட்டால் துணை ராணுவம் என்றே புரிந்துகொள்வார்கள். வணிகவியல் பாடநூல்களில் ஊன்றிவிட்ட கூட்டாண்மையை எடுத்து, 'மாநிலப் படைக் கூட்டாண்மைத் திட்டம்' என்று எழுதலாம் என்பேன்.

திட்டம் 1993-இல் பால்டிக் நாடுகளில் தொடங்கியது. எஸ்டோனியாவுக்கு மேரிலாந்து, லாட்வியாவுக்கு மிச்சிகன், லிதுவேனியாவுக்குப் பென்சில்வேனியா. சோவியத் ஒன்றியம் உடைந்த கையோடு அமெரிக்க முழுநேரப் படை அங்கே போய் இறங்கினால் ரஷ்யா சீண்டலாக எடுத்துக்கொள்ளும் என்றுதான் பகுதிநேர வீரர்களை அனுப்பினார்கள். உக்ரைன் கலிபோர்னியாவோடு சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். அப்புறம் இது நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது. 2021-இல் இலங்கையும் மாலத்தீவும் சேர்ந்தன. கடலே இல்லாத மொன்டானா மாநிலம்தான் இந்த இரண்டு தீவு நாடுகளுக்கும் கூட்டாளி.