டிவியின் முதுகையும் பாருங்கள்

போன மாதம் ஒரு அக்கா 32 அங்குல டிவியைப் பெட்ஷீட்டில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் மடிமேல் படுக்கப் போட்டு என் டிவி ரிப்பேர் கடைக்குக் கொண்டுவந்தார். வாங்கி இருபது மாதம்தான் ஆகிறது. "தம்பி, சத்தம் கேக்குது, படம் மட்டும் வரமாட்டேங்குது. பிக்சர் டியூப் போயிருச்சா?" என்றார். பிக்சர் டியூப் வழக்கொழிந்து எத்தனையோ வருஷமாகியும், அந்தச் சொல் மட்டும் மதுரையை விட்டுப் போக மறுக்கிறது.

கடை விளக்கை அணைத்தேன். செல்போன் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்தேன். உள்ளே மங்கலாக ஒரு சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. "அட, படம் இருக்கே!" என்றார்.

"படம் இருக்குக்கா. வெளிச்சம்தான் செத்துப்போச்சு."

என் கடைக்கு வரும் விலை குறைந்த டிவிகளில் நான் அதிகம் பார்க்கும் பழுது இதுதான். எல்இடி டிவி என்று சொல்கிறோமே, அதில் படம் காட்டுவது எல்இடி அல்ல. படம் எல்சிடி கண்ணாடியில் வருகிறது. அந்தக் கண்ணாடிக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னால் தகரத் தட்டில் ஒட்டியிருக்கும் பட்டைகளில் சின்னச் சின்ன எல்இடி விளக்குகள் எரிகின்றன. அதற்குப் பேக்லைட் என்று பெயர். பட்டையில் உள்ள விளக்குகள் சீரியல் செட்டு போலத் தொடராக இணைந்தவை. திருவிழா சீரியல் செட்டில் ஒன்று போனால் வரிசையே அணையுமே, அதே கதைதான். ஆன் செய்ததும் ஒரு நொடி வெளிச்சம் வந்து உடனே அணைந்தால், அது அனேகமாகப் பேக்லைட்தான்.

ஏன் போகிறது? சூடு. நல்ல டிவியில் எட்டு விளக்கு வைக்கும் இடத்தில், விலையைக் குறைக்க ஐந்தோ ஆறோ வைப்பார்கள். ஆனால் ஷோரூமில் பக்கத்து டிவியைவிடப் பளிச்சென்று தெரிய வேண்டும். அதனால் இருக்கிற விளக்குகளுக்குக் கூடுதல் கரண்ட் கொடுப்பார்கள். ஆள் குறைவு, வேலை அதிகம் என்றால் என்ன ஆகும்? முதலில் விளக்கு மேலுள்ள லென்ஸ் பசை இளகி விழும், திரையில் வட்டமாக வெள்ளைப் புள்ளி தெரியும். சில செட்டுகளில் விளக்கின் மஞ்சள் பூச்சு கருகி, படம் முழுக்க நீலம் பாயும். கடைசியில் ஒரு விளக்கு அறுந்து இருட்டு.

பட்டை மாற்றுவது பெரிய செலவில்லை. பெரிய விஷயம் பேனலை, அதாவது அந்த எல்சிடி கண்ணாடியைத் தூக்குவது. கண்ணாடி அவ்வளவு மெல்லியது. அதைக் கழற்றினால்தான் பட்டையைத் தொடலாம். தூக்கும்போது ஒரு மூலை வளைந்தால் போச்சு. சிறிய டிவியில் பேனலின் விலை புது டிவியின் விலையைத் தொட்டுவிடும். அதனால்தான் அனுபவம் இல்லாத கடையில் 'முந்நூறு ரூபாய் கம்மி' என்று கொடுக்காதீர்கள் என்கிறேன். என் தொழிலுக்கு நானே விளம்பரம் செய்வதாக நினைத்தாலும் பரவாயில்லை.

நான் தொழில் கற்றது டவுன்ஹால் ரோடு பக்கம், சாலிடேர், டயனோரா என்று மெட்ராஸ் டிவிகள் வந்துகொண்டிருந்த காலத்தின் வால் முனையில். அப்போது எல்ஓடி என்ற டிரான்ஸ்ஃபார்மர் போனால் மாற்றுவோம், கண்டென்சர் போனால் மாற்றுவோம், டிவி பதினைந்து வருஷம் ஓடும். 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவியைக்கூட நான் சமீபம் வரை பழுது பார்த்திருக்கிறேன். அந்த நினைப்பில்தான் நம் மக்கள் இன்றும் டிவி வாங்குகிறார்கள். ஒரு தடவை வாங்கினால் பேரன் காலம் வரை ஓடும் என்று. எட்டாயிரம் ரூபாய் டிவியிடம் அதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஐந்தாறு வருஷம் ஓடக்கூடியதையும் இரண்டு வருஷத்தில் கவிழ்வதையும் கடையிலேயே ஓரளவு பிரித்துவிடலாம்.

முதலில் ஒரு பயத்தை எடுத்துவிடுகிறேன். விலை குறைந்த டிவி என்றால் கண்ணாடியே மட்டம் என்று நினைக்க வேண்டாம். எல்சிடி கண்ணாடியை உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆலைகளே செய்கின்றன. சீனாவின் பிஓஇ, சிஎஸ்ஓடி, எச்கேசி, தைவானின் ஏயுஓ, இன்னோலக்ஸ். பெரிய பிராண்டும் சின்ன பிராண்டும் அங்கிருந்துதான் வாங்குகின்றன. பிராண்டின் பெயரும் பல நேரங்களில் வாடகைக்கு எடுத்ததுதான். கோடக், தாம்சன், ப்ளாபங்ட் என்ற மூன்று பழைய வெளிநாட்டுப் பெயர்களையும் இந்தியாவில் உரிமம் பெற்று டிவியாக விற்பது நொய்டாவில் உள்ள சூப்பர் பிளாஸ்ட்ரானிக்ஸ் என்ற ஒரே நிறுவனம். அதில் தவறு எதுவுமில்லை. தாத்தா காலத்து கேமரா நினைவில் டிவி வாங்குகிறோம் என்பது நமக்குத் தெரிந்திருந்தால் போதும்.

காசு குறைப்பது வேறு இடங்களில்: பேக்லைட், பவர் சப்ளை, ஸ்பீக்கர், ரேம், அப்புறம் சர்வீஸ். அவற்றில் பாதியைப் பின்பக்கம் சொல்லிவிடும். கடையில் டிவியைத் திருப்பச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பின்னால் ஒட்டிய லேபிளில் மாடல் எண், சீரியல் எண், தயாரித்தவர் பெயர், முகவரி இருக்கிறதா? மத்திய அரசின் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் முத்திரையும் அதனுடன் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா? பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த ஆலை, எந்தப் பொருளுக்குப் பதிவு செய்தது என்று காட்டும். அது பாதுகாப்புக்கான சோதனை, படத்தின் தரத்துக்கான சான்று அல்ல. ஆனால் தன் பெயரையே ஒழுங்காகப் போடாத டிவியை வீட்டுக்குள் இருபத்துநான்கு மணி நேரமும் பிளக்கில் மாட்டிவைக்க எனக்குத் தைரியம் இல்லை.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவிலும் இங்கே மதுரையிலும் அசெம்பிள் டிவி கிடைக்கும். எங்கிருந்தோ வந்த பேனல், அதற்குப் பல பேனல்களுக்கும் பொருந்தும் ஒரு யூனிவர்சல் போர்டு, ஒரு பிளாஸ்டிக் கூடு, மேலே எந்தப் பெயர் ஸ்டிக்கர் வேண்டுமோ அது. டீக்கடைக்கு, பேருந்து நிலையத்து விளம்பரத்துக்கு ஓகே. யூனிவர்சல் போர்டு போனால் எங்கும் கிடைக்கும் என்பது அதன் ஒரு நல்ல குணம். ஆனால் உள்ளே இருப்பது பழைய பேனலா, ஆலை கழித்த பேனலா என்று திறந்து பார்க்காமல் என்னாலும் சொல்ல முடியாது.

அட்டைப்பெட்டி மேலே எழுதியிருப்பதை நம்பாதீர்கள். '4கே சப்போர்ட்' என்று 32 அங்குலப் பெட்டியில் போட்டிருக்கும். 4கே வீடியோ கொடுத்தால் டிவி அதைத் திறக்கும் என்பதுதான் அதன் பொருள். கண்ணாடியில் இருப்பது 1366-க்கு 768 புள்ளிகள். 4கே என்றால் 3840-க்கு 2160 இருக்க வேண்டும். 'ரெசல்யூஷன்' என்ற வரியில் என்ன எண் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் நன்றாகப் பிரித்துக் காட்டும் என்கிற எச்டிஆர் என்பதும் அப்படியே. வெளிச்சம் போதாத பேனலில் அந்த எழுத்து ஒரு அலங்காரம். அதற்காக 1366 புள்ளி கேவலம் என்றில்லை. எட்டடி தள்ளி உட்கார்ந்து கேபிள் சேனல் பார்க்கிற வீட்டுக்கு அதுவே தாராளம்.

'ஆண்ட்ராய்ட்' என்ற சொல்லிலும் ஒரு வேலை இருக்கிறது. கூகுள் உரிமம் கொடுத்த டிவி வேறு, யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூடிய வெறும் ஆண்ட்ராய்ட் வேறு. இரண்டாவதில் செல்போன் செயலிகளை டிவியில் திணித்திருப்பார்கள், ரிமோட்டில் அம்புக்குறியை நகர்த்தித் திண்டாட வேண்டும். நெட்ஃப்ளிக்ஸ் வராது, வந்தாலும் படம் கலங்கலாக வரும். செட்டிங்ஸில் காட்டும் ரேம் அளவையும் வெர்ஷன் எண்ணையும்கூட மாற்றி எழுத முடியும். அதனால் எண்ணைப் பார்க்காமல் ஓட்டிப் பாருங்கள். யூடியூப்பைத் திறந்து, ஹோமுக்குப் போய், வேறொரு செயலியைத் திறந்து, மறுபடி யூடியூப்புக்கு வாருங்கள். கடையிலேயே பத்து நொடி சுற்றினால் ஆறு மாதத்தில் வீட்டில் ரிமோட் பறக்கும். ஆனால் டிவியின் ஸ்மார்ட் பகுதி மந்தமானால் எச்டிஎம்ஐ துளையில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் மாட்டிச் சரிசெய்துவிடலாம், பேக்லைட்டுக்கு அப்படி வழி இல்லை. எதில் விட்டுக்கொடுப்பது என்று கேட்டால் நான் ஸ்மார்ட்டில் விட்டுக்கொடுப்பேன்.

கடைக்குப் போகும்போது ஒரு பென்டிரைவ் எடுத்துப் போங்கள். அதில் முழு வெள்ளை, முழு கறுப்பு, சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் என ஆறு படங்கள் போதும். வெள்ளையில் மூலைகள் கறுத்திருக்கிறதா, விளக்கு இருக்கும் இடம் திட்டுத்திட்டாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பேக்லைட்டில் கஞ்சத்தனம் செய்திருந்தால் இங்கே மாட்டும். கறுப்பில் ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா, மற்ற நிறங்களில் மாறாத ஒற்றைப் புள்ளி நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு டெமோ வீடியோவை நிறுத்தச் சொல்லுங்கள். கிளி, பழம், கடல் எல்லாம் எந்த டிவியிலும் அழகாகத்தான் இருக்கும். பிக்சர் மோடை 'விவிட்'டிலிருந்து 'ஸ்டாண்டர்ட்'டுக்கு மாற்றி, செட்டாப் பாக்ஸில் ஒரு தமிழ்ச் செய்திச் சேனல் வைக்கச் சொல்லுங்கள். கீழே ஓடும் எழுத்து வால் பிடித்து இழுபடுகிறதா? வாசிப்பவர் முகம் மனித நிறத்தில் இருக்கிறதா? சோபாவின் ஓரத்தில் உட்காரும் பாட்டிக்காகப் பக்கவாட்டிலும் நின்று ஒரு தடவை பாருங்கள்.

சத்தத்தை முழுதாக வைத்து டிவியின் கூடு அதிர்கிறதா என்று கையை வைத்துப் பார்ப்பேன். அவ்வளவுதான், சத்தத்தில் இதற்கு மேல் எதிர்பார்ப்பு வேண்டாம்.

இதைவிட முக்கியமான சோதனைக்குக் கடைக்கே போக வேண்டாம். பெட்டியில் உள்ள வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு, வாங்குவதற்கு முன்பே போன் போடுங்கள். உங்கள் பின்கோடைச் சொல்லி, "சர்வீஸ் ஆள் எந்த ஊரிலிருந்து வருவார்?" என்று கேளுங்கள். திருமங்கலத்துக்குச் சென்னையிலிருந்து ஆள் வர வேண்டும் என்றால், ஒரு வருட வாரண்டி என்பது ஒரு வருடக் காத்திருப்பு. ஆன்லைனில் வாங்கினால் திறந்து காட்டித் தரும் டெலிவரி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், பெட்டியைப் பிரிப்பதை முழுதாக வீடியோ எடுங்கள். கண்ணாடி உள்ளுக்குள் விரிசல் விட்டிருப்பது ஆன் செய்தால்தான் தெரியும். உடைந்த பேனலுக்கு எந்த வாரண்டியும் நிற்காது. பில்லில் சீரியல் எண் எழுதி வாங்குங்கள். இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணமும் கிடையாது.

32-ஆ 43-ஆ என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2019 ஜனவரியிலிருந்து 32 அங்குலம் வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 28 என்று இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா டிவிக்கும் 18 தான். கூடத்தில் இடம் இருந்தால் 43-ஐயும் ஒரு கண் பாருங்கள். ஆனால் அதே விலையில் பெயர் தெரியாத 43-ஐவிடச் சர்வீஸ் உள்ள 32-க்கே என் ஓட்டு.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியவை மூன்றுதான். இடி இடித்தால் பிளக்கோடு சேர்த்து எச்டிஎம்ஐ ஒயரையும் பிடுங்குங்கள். ஐப்பசி மழையில் என் மேசைக்கு வரும் போர்டுகள் பல, கரண்ட் வழியாக அல்ல, கேபிள் ஒயரில் இறங்கி, செட்டாப் பாக்ஸ், எச்டிஎம்ஐ வழியாக வந்த அடியில் போனவை. திரையில் தண்ணீரோ ஸ்பிரேயோ அடிக்காதீர்கள். அது வழிந்து அடி விளிம்புக்குள் இறங்கினால், கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் மெல்லிய ஃபிலிம் இணைப்பு கருகும், செங்குத்துக் கோடு விழும். அந்தக் கோட்டுக்கு உள்ளூரில் நிலையான வைத்தியம் கிடையாது. மூன்றாவது, பேக்லைட் அளவை இறக்குங்கள். மெனுவில் 100-ல் இருக்கும், 60-க்குக் கொண்டுவாருங்கள். பிரைட்னஸ் என்பது பல செட்டுகளில் வேறு, அதைக் குறைத்தால் கறுப்பு மட்டும் இன்னும் கறுக்கும், விளக்கின் சூடு குறையாது. பேக்லைட் என்றே ஒரு வரி இல்லாவிட்டால் மின்சேமிப்பு மோடைப் போடுங்கள்.

அக்காவின் டிவிக்குப் பட்டை மாற்றினேன். போர்டில் விளக்குகளுக்கான கரண்டைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டர்களில் ஒன்றை எடுத்துவிட்டுக் கரண்டையும் கொஞ்சம் குறைத்துவைத்தேன். டிவியைத் திரும்ப எடுத்துப் போக வந்த அக்கா ஓட்டிப் பார்த்துவிட்டு, "மொதல்ல இருந்ததவிட மங்கலா இருக்கே தம்பி" என்றார்.

ஷட்டரைப் பாதி இறக்கி, கடை விளக்கை அணைத்தேன். "வீட்டுல ராத்திரிதான பாப்பீங்க. இப்பப் பாருங்கக்கா."

சீரியல் விளம்பரத்துக்குப் போகும் வரை நின்று பார்த்தார். பிறகு பெட்ஷீட்டை உதறிக்கொண்டே, "சரி, இத நிக்க வச்சுக் கொண்டு போகணுமா, படுக்க வச்சா?" என்று கேட்டார்.

"நிக்க வச்சுத்தான்க்கா" என்றேன்.