ரோட்டுல முழங்கால் தண்ணி, கால்வாய்க்குள்ள பாதி காலி

போன ஐப்பசில ஒரு நாள் சாயங்காலம் விடாம பேஞ்சதுல வேலூர் சத்துவாச்சாரி மலையடிவாரத்துல எங்க தெரு முழுக்க முழங்கால் தண்ணி. கால்வாய் ரொம்பி வழியுதுன்னுதான் எல்லாரும் திட்டிகிட்டு இருந்தோம். எதிர்வூட்டு பெரியவரு லுங்கிய மடிச்சு கட்டிகிட்டு, ரோட்ட விட ரெண்டடி ஒசரமா இருக்குற கால்வாய் மேடை மேல ஏறி கடப்பாறையால ஒரு மூடிய நெம்பி, "இங்க வந்து பாரு தம்பி"ன்னாரு. எட்டிப்பாத்தா உள்ள பாதி அளவுதான் தண்ணி ஓடுது!

விஷயம் என்னன்னா ரோட்டுத் தண்ணி கால்வாய்க்குள்ள எறங்குறதுக்கு பக்கவாட்டு சுவத்துல சின்ன சின்ன ஓட்டை விட்டிருப்பாங்க, அதுதான் வாசல். எங்க தெருவுல பாதி ஓட்டைய வண்டி ஏத்துறதுக்கு சாய்தளம் போட்டு நாமளே மூடியாச்சு (எங்க வூட்டு முன்னாடியும்தான், ஒத்துக்குறேன்), மிச்சத்துல பால் கவரு, தேங்கா நாரு, ஒரு ஒத்த செருப்பு. பெரியவரு குத்தி எடுத்த ஒடனே தண்ணி சுழிச்சுகிட்டு உள்ள போச்சு, அரைமணில தார் ரோடு தெரிஞ்சுச்சு.

சரி, கணக்கு பாப்போம். ஒரு சதுர மீட்டர்ல 1 மி.மீ. மழை பேஞ்சா 1 லிட்டர் தண்ணி. ஒரு கிரவுண்ட்னா 2400 சதுர அடி, கிட்டத்தட்ட 223 சதுர மீட்டர், அதுல 5 செ.மீ. மழைன்னா 11,000 லிட்டருக்கு மேல, பெரிய டேங்கர் லாரி ஒண்ணு. தெருவுல நூறு கிரவுண்ட் இருந்தா நூறு லாரி. மண்ணு தரையா இருந்தா நெறைய உறிஞ்சிக்கும், மிச்சமும் மெதுவா வரும், மொட்டமாடியும் சிமெண்ட் தரையும்னா பத்துல ஒம்பது பங்கு அப்பவே ரோட்டுக்கு வந்துடும். எங்களுக்கு பின்னாடி இருக்குறதும் பாறை மலை, அதுவும் நிக்க வெக்காது. மழை எவ்ளோன்றத விட எவ்ளோ சீக்கிரம் வந்து சேருதுன்றதுதான் கால்வாய சாய்க்குது.

அந்த வேகத்துக்கு பழைய காலத்து பிரேக்குதான் ஏரி. தண்ணிய புடிச்சு வெச்சுகிட்டு, ரொம்புனா மட்டும் கலங்கல் (மிச்சத் தண்ணி வழியுற எடம்) வழியா மெதுவா விடும், அதத்தான் நாம "ஏரி கோடி போவுது"ன்னு சொல்றோம். வரத்துக் கால்வாய அடைச்சு வூடு கட்டினா ஏரிக்கு போவ வேண்டியது தெருவுக்குத்தான் வரும்.

இன்னொண்ணு மண்ணு. மணல தள்ளிகிட்டு போவணும்னா தண்ணி செகண்டுக்கு ரெண்டடியாவது ஓடணும், நாம நடக்குறதுல பாதி வேகம்தான், ஆனா சரிவு சரியில்லன்னா அது கூட வராது, மண்ணு அங்கயே தங்கிடும். கால்வாய்ல பாதி ஒசரத்துக்கு மண்ணு ஏறினா தண்ணி பாதி போவும்னு நெனைப்போம், இல்ல, பாதிய விட கம்மியாதான் போவும், ஏன்னா கம்மி தண்ணிய அதே அகலத்து அடிப்பக்கம் ஒரசி இழுத்து புடிக்குது. மழைக்கு முன்னாடி தூர் வாரணும்னு கேக்குறது சும்மா இல்ல.

தண்ணி நிக்குதேன்னு பாதாள சாக்கடை மேன்ஹோல மட்டும் தயவுசெஞ்சு தொறந்து விடாதீங்க. அந்த பைப்பு கக்கூஸ், பாத்ரூம் தண்ணிக்குன்னு போட்ட சைஸு, மழைத்தண்ணி பூந்தா பள்ளமான வூட்டுல கக்கூஸ் வழியாவே மேல வரும், தொறந்த குழி தெரியாம யாராவது விழுந்தா உசுரே போயிடும்.

மாநகராட்சில புகார் பண்ணும்போதும் "தண்ணி நிக்குது"ன்னு மொட்டையா சொல்லாம எந்த ஓட்டை அடைச்சிருக்கு, எந்த மூடி ஒடஞ்சிருக்குன்னு போட்டோ எடுத்து குடுங்க, வர்ற ஆளு நேரா அங்க போவலாம். திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துலயும் மனு குடுக்கலாம், வெள்ளம் உள்ள வந்துட்டா மாவட்ட பேரிடர் உதவி நம்பர் 1077க்கு போன் போடுங்க.

எல்லாம் சரியா இருந்தும் தண்ணி வடியாத நாளும் உண்டு. தண்ணியில்லா ஆறு, சாமியில்லா கோயில்னு நம்ம ஊர கிண்டல் பண்ணுவாங்கல்ல, சாமிய 1981லயே கொண்டாந்து வெச்சாச்சு, 2021 நவம்பர்ல பாலாறும் கரை தொட்டு ஓடுச்சு, கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ளயும் தண்ணி பூந்துடுச்சு. ஆத்து மட்டம், கால்வாய் ஆத்துல போய் சேர்ற வாய விட மேல ஏறிட்டா கால்வாய் தண்ணி எங்க போவும்? ஆறு எறங்குற வரைக்கும் உள்ளயே நிக்கும், சில எடத்துல ஆத்துத் தண்ணியே திரும்பி தெருவுக்கு வரும். அன்னிக்கு கடப்பாறைக்கும் வேலை இல்ல, மோட்டார் வெச்சு எறைக்கணும், இல்லன்னா காத்திருக்கணும்.