புளி போட்டுத் தேய்த்த ராணிக் காசு

போன மாதம் ஓர் அம்மா, மாமியார் விட்டுப்போன பதினோரு விக்டோரியா வெள்ளி ரூபாய்களை, பழைய காசுக்கு விலை சொல்லும் என்னிடம் கொண்டுவந்தார். மேசையில் கொட்டியதுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. எல்லாம் புது எவர்சில்வர் மாதிரி மின்னின.

"கறுப்பா இருந்துச்சு சார். பார்க்க நல்லா இருக்கட்டும்னு ராத்திரி புளி போட்டு ஊறவெச்சு, விளக்குற பொடியால நல்லா தேச்சேன்."

ஒன்றை எடுத்து விளக்கடியில் சாய்த்துக் காட்டினேன். அச்சில் அடிபடும்போது உலோகம் விளிம்பை நோக்கி நகர்ந்து, கண்ணுக்குத் தெரியாத வரிகளை விட்டுச் செல்லும். தேயாத காசைத் திருப்பினால், அந்த வரிகளின் மேல் ஒளி சக்கரத்தின் ஆரம் போலச் சுற்றிவரும். இதில் ஒளி சுற்றவே இல்லை. லென்ஸில் பார்த்தால் ராணியின் கன்னத்தில் ஒரே திசையில் நூறு கீறல். எழுத்து இடுக்குகளில் வெள்ளையாகப் பொடி.

அவர் அழுக்கு என்று நினைத்தது அழுக்கே இல்லை. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் மெல்லிய படலம் அது. ஓரத்தில் நீலமும் ஊதாவும் தானாகவே படர்ந்த காசுக்குக் கூடுதலாகக் கொடுக்க ஆளிருக்கிறது.

சரி, விலை? அந்த ரூபாயின் எடை 11.66 கிராம். அதில் சுத்த வெள்ளி சுமார் 10.7 கிராம். காசில் பொறித்திருப்பது எளிதாகக் கிடைக்கும் வருடமென்றால், தேய்த்த காசுக்குப் பெரும்பாலும் வெள்ளி விலைதான். அரிய வருடமென்றால் அதற்கு மேல் கிடைக்கும், ஆனால் பேரம் கீறலில்தான் தொடங்கும். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரநிர்ணய நிறுவனங்கள் இப்படிப்பட்ட காசுக்கு வழக்கமான மதிப்பெண் தராமல், 'கிளீன்ட்' என்று எழுதி ஒதுக்கிவிடும். 1911 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருந்த குட்டி யானை பன்றி போலத் தெரிகிறது என்று சர்ச்சை கிளம்பி, மறு வருடம் அச்சையே திருத்தினார்கள். சேகரிப்பவர் லென்ஸோடு தேடுவது அந்த யானையைத்தான். அதைப் பொடி போட்டுத் தேய்த்தால் யானையும் இல்லை, பன்றியும் இல்லை.

செம்பில் நிலைமை இன்னும் மோசம். ராஜராஜன் காசில் 'ஸ்ரீராஜராஜ' என்ற நாகரி எழுத்து பல நேரம் செம்பின் மேல் படியும் பச்சைப் படலத்தில்தான் தங்கியிருக்கும். புளித்தண்ணீர் முதலில் தின்பது அதைத்தான்.

மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள். அவ்வளவுதான், தேய்க்க வேண்டாம். அப்புறம், காசு போட்டுவைக்கும் அந்த மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் கவர்! சில வருடங்களில் காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும்.

"வீட்ல இன்னும் நாலு இருக்கு சார், அதை ஊறவைக்கல" என்றார் கிளம்பும்போது. மறுநாள் துணி முடிச்சில் வந்தன, கறுப்பாகவே. மூன்று அருமை. நான்காவதில், ராணியின் தலைக்கு மேல் யாரோ எப்போதோ தாலிக்கொடியில் கோக்க வளையம் பற்றவைத்து, பிறகு அரத்தால் ராவி எடுத்த தழும்பு. அதற்கு எடைக்கு எடை வெள்ளி விலை சொன்னேன். "அது எங்கிட்டயே இருக்கட்டும் சார்" என்று எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.