பிரிண்டருக்கு உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள்

"தம்பி, இன்னைக்கும் லாக் ஆயிருச்சுங்க."

ஒரு வாரமாகக் காலை ஒன்பதரைக்கு ஒரு துறைத்தலைவரிடமிருந்து இதே போன். தமிழ்நாடு–கேரள எல்லையில் இருக்கும் வாளையாருக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் உள்ள கல்லூரிகளுக்கு நெட்வொர்க் வேலை செய்பவன் நான். அவருடைய கணக்கைத் திறந்து விடுவேன். மறுநாள் காலை மறுபடி பூட்டிக்கொள்ளும். வைரஸ் என்றார், யாரோ ஹேக் செய்கிறார்கள் என்றார், தனக்கு ஆகாத ஒரு சக ஆசிரியரின் பெயரையும் மெல்லச் சொன்னார்.

வியாழக்கிழமை மட்டும் போன் வரவில்லை. அன்று அலுவலக உதவியாளர் சேச்சி லீவு. வெள்ளிக்கிழமை அவர் வந்து பிரிண்டரை ஆன் செய்தார். இரண்டே நிமிடத்தில் கணக்கு பூட்டிக்கொண்டது.

நடந்தது இதுதான். பிரிண்டரை வைஃபையில் சேர்க்க, சார் தன் சொந்த யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் அதில் போட்டிருந்தார். பிறகு விதிப்படி பாஸ்வேர்டை மாற்றினார். பிரிண்டருக்கு யார் சொல்வது? அது பழையதையே திரும்பத் திரும்பக் கொடுத்தது. தவறான முயற்சிகள் எல்லை தாண்டியதும் சர்வர் கணக்கைப் பூட்டியது.

வீட்டு வைஃபையில் எல்லோருக்கும் ஒரே சாவி. கல்லூரியின் எண்டர்பிரைஸ் வைஃபை செக்போஸ்ட் மாதிரி: வண்டிக்கு வண்டி தனிப் பேப்பர் கேட்கும். யார் என்று சரிபார்த்த பிறகே நெட்வொர்க்கில் விடும், 2001இல் வந்த 802.1எக்ஸ் தரநிலை இதற்கு அடிப்படை. கூரையில் தொங்கும், வைஃபை சிக்னல் தரும் ஆக்சஸ் பாயிண்ட் தானாக முடிவெடுக்காது. யூசர்நேம், பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரிடம் கேட்டுத்தான் உள்ளே விடும். பிரிண்டருக்கு என்று சொந்தப் பேப்பர் கிடையாது. சார் தன்னுடைய லைசென்ஸை லாரி ஜன்னலில் ஒட்டி அனுப்பிவிட்டார்.

அட்டைப்பெட்டியில் 'வயர்லெஸ்' என்று போட்டிருப்பதை நம்பி வாங்குகிறோம். விலை குறைந்த மாடல்கள் பலவற்றுக்கு வீட்டு வைஃபை மட்டும்தான் தெரியும். பாஸ்வேர்ட் அடிக்காமலே வீட்டு வைஃபையில் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் கல்லூரி வைஃபையில் சேராது. எண்டர்பிரைஸ் தெரிந்த மாடலில் வேறு தொல்லை. சர்வரின் அடையாளச் சான்றான சர்டிஃபிகேட்டைச் சரிபார்க்கும்படி அமைக்காவிட்டால், அதே பெயரில் ஒருவன் போலி வைஃபை வைத்து உங்கள் பாஸ்வேர்டைக் கறக்க வழி பிறக்கும். அமைத்தாலோ, கரண்ட் போய் வந்ததும் சில பிரிண்டர்களின் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். அந்தத் தேதிக்கு நம் சர்டிஃபிகேட் இன்னும் பிறக்கவே இல்லை. இணைப்பு கிடைக்காது. ஒரு பிரிண்டருக்காக அரை நாள் இதிலேயே போயிருக்கிறது எனக்கு.

இணைப்பு வரவில்லை என்றதும் ஆட்கள் எடுக்கும் குறுக்கு வழிகள்தான் இன்னும் மோசம். ஒருவர் வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து சுவர்ப் போர்ட்டில் செருகினார். அது தன்பாட்டுக்கு மற்றக் கருவிகளுக்குத் தவறான ஐபி முகவரி (நெட்வொர்க் எண்) கொடுக்க ஆரம்பிக்க, ஒரு பிளாக் முழுக்க இணையம் நின்றது. இன்னொரு அறையில் பிரிண்டரோடு போன் நேரடியாகச் சேரும் வைஃபை டைரக்ட் திறந்திருந்தது, பாஸ்வேர்ட் ஒன்றிலிருந்து எட்டு வரை. அது வினாத்தாள் அச்சடிக்கும் அறை. வராந்தாவில் நின்ற என் போனிலேயே அந்த பிரிண்டர் தெரிந்தது.

பிரிண்டரில் என்ன போய்விடப் போகிறது என்பார்கள். 2016 மார்ச்சில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பிரிண்டர்கள் தாமாகவே இனவெறித் துண்டறிக்கைகளைத் துப்பின. யாரும் உள்ளே நுழையவில்லை. இணையத்திலிருந்து நேரடியாக எட்டும்படி அச்சு வேலைகளை வாங்கும் 9100 போர்ட் (சுவரில் இருப்பதல்ல, மென்பொருள் வாசல்) திறந்து கிடந்தது, அவ்வளவே.

நான் முதலில் கேட்பது, கேபிள் இழுக்க முடியுமா என்றுதான். பிரிண்டர் எங்கும் நடந்து போவதில்லையே. சுவரில் போர்ட் இருந்தால் கதை முடிந்தது. ஆனால் கட்டடத்துக்குக் கட்டடம் செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். ஐப்பசி மழையை இங்கே துலாவர்ஷம் என்பார்கள். சாயங்கால இடி ஒன்று ஸ்விட்ச், பிரிண்டர் இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். அங்கே மின்சாரம் கடத்தாத ஃபைபர்தான்.

கேபிள் முடியாத இடத்தில், கருவிக்கு ஒரு தனிச் சாவி தரும் வசதி ஆக்சஸ் பாயிண்ட்களை நிர்வகிக்கும் இன்றைய வைஃபை கண்ட்ரோலர்கள் பலவற்றில் உண்டு. ஒரு சாவி கசிந்தால் அதை மட்டும் ரத்து செய்யலாம். கருவியின் வன்பொருள் எண்ணான மேக் முகவரியைப் பதிந்தால் போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். அதை யாரும் நகலெடுக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்ப மாட்டேன். எந்த வழியானாலும் பிரிண்டர்களுக்குத் தனி விலான் (அதே நெட்வொர்க்குக்குள் பிரித்த தனிப் பகுதி), பிரிண்ட் சர்வர் மட்டுமே அவற்றோடு பேச அனுமதி. இப்படிப் பிரித்தால், போனில் பிரிண்டர் தானாகத் தெரிவது நின்றுபோகும், ஏனென்றால் அந்தத் தேடல் விலானைத் தாண்டாது. அதற்கு வரும் திட்டையும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். வேண்டுமானால் கண்ட்ரோலரில் அந்த ஒரு சேவையை மட்டும் கடத்தி விடலாம்.

சாரின் பிரிண்டரில் அவர் பெயரை நீக்க அட்மின் பக்கத்தைத் திறந்தேன். பாஸ்வேர்டே கேட்கவில்லை. பக்கத்து மேசையில், மாற்றுவதற்காகக் கழற்றி வைத்த பழைய பிரிண்டர். "அது ஆக்ரிக்கடைக்குப் போகுது சாரே" என்றார் சேச்சி; பழைய சாமான் கடையைச் சொன்னார். அதையும் ஒருமுறை ஆன் செய்து பார்த்தேன். முந்தைய துறைத்தலைவரின் யூசர்நேம் இன்னும் அதில் இருந்தது. ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டுத்தான் கொடுத்து அனுப்பினேன்.